இருபத்துமூன்றை எட்டு என்று எழுதிய கொப்பி

மருதமுனையில் இருந்து பௌசியா போன் எடுத்தபோது நான் கல்முனைக்குடியில் ஒரு தேநீர்க் கடையில் இருந்து, கடைக்காரரின் புதுப் பல்செட்டைப் பற்றிப் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். பௌசியா என் ராத்தாவின், அதாவது அக்காவின், மூத்த மகள். "மாமா, உம்மா மௌத்தாகிட்டா" என்றாள். சுபஹு தொழுதுவிட்டுச் சற்றுப் படுத்தவர் எழும்பவில்லையாம். அத்தோடு போனை வைத்துவிட்டாள்.

சொந்தக்காரருக்கு அறிவிக்க வேண்டிய வேலை எனக்கு. சாய்ந்தமருதில் இருக்கும் ஒரு தூரத்து மச்சானுக்குப் போன் எடுத்தேன். "ஓய் அலியார், இதிலயுமா பகிடி? அல்லாவுக்குப் பயப்படு" என்று ஏசிவிட்டு வைத்தார். அடுத்தவருக்கு எடுத்தேன். அவர் சிரித்தார். வாழ்நாள் முழுக்கப் பொய்யும் பகிடியும் சொல்லித் திரிந்தவனின் வாயில் இருந்து வந்ததால், என் ராத்தாவின் மரணத்தை ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் போனைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். பழக்கமில்லாத பல்லோடு அவர் குழறிக் குழறிச் சொன்னதும் எல்லோரும் நம்பி, இன்னாலில்லாஹி சொன்னார்கள். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்துவிட்டது. அன்றைக்கு இறைச்சி போதாது என்று என்னிடம் முறையிட்டவர்கள் உட்பட, என் ராத்தா ஆசியா உம்மாவைத் தெரிந்த எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிப்பவர் திருத்திக்கொள்ளட்டும். விசயத்தில் உள்ள பிழையைத் திருத்த அவராலும் முடியாது.

உங்களுக்கு அவரை ஆறு பிள்ளைகளின் தாயாகத் தெரியும். மீன் ஆணத்தில் புளி கூடிவிட்டால் ருசித்துப் பார்க்காமல் மணத்திலேயே கண்டுபிடிப்பவராகத் தெரியும். அதிகம் கதைக்காதவராகத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒரு ஆசியா உம்மாவும் இருந்தார். அவர் பதினாலு வயதில் அட்சரகணிதம் படித்தார். வாத்தியார் இல்லாமல், புத்தகம் இல்லாமல், என்னுடைய பிழையான கொப்பியில் இருந்து படித்தார்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் வாப்பா தறி நெய்பவர். ராத்தா ஆறாம் வகுப்பில் இருக்கும்போது பெரியபிள்ளையானார். அதற்கு அடுத்த நாள் அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அதை ஒருவரும் தண்டனை என்று நினைக்கவில்லை. உம்மாவுக்கும் அப்படித்தான் நடந்தது, மாமிமாருக்கும் அப்படித்தான். ராத்தா ராட்டையடியில் குந்தி வாப்பாவின் தறிக்கு நூல் சுற்றத் தொடங்கினார். அவரை விட இரண்டு வயது குறைந்த நான் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது அவருக்குப் பதினாலு வயது. எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அன்றைய பாடத்தை நான் வந்து சொல்ல வேண்டும். என் பங்குக்குக் கிணற்றில் அள்ள வேண்டிய தண்ணீரை அவர் அள்ளுவார்.

"டேய், இண்டைக்கு என்ன படிச்ச?"

"கணக்கு."

"என்ன கணக்கு? செல்லு."

"அது பெரிய கணக்கு. பொம்புளைகளுக்கு விளங்காது."

கையில் இருந்த நூற்கட்டை என் தலையில் வந்து விழும். பிறகு கொப்பியை எடுத்துக் கொடுப்பேன்.

அந்தக் கொப்பியின் கதையைச் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்பில் எங்களுக்கு எழுத்துப் படிப்பித்தவர், எழுத்தெல்லாம் கோட்டில் இருக்க வேண்டும் என்பார். ஓர் எழுத்து கோட்டை விட்டு மேலே பறந்தாலும் பிரம்பு பேசும். அந்தப் பயம் என் விரலில் ஏறியிருந்தது. ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கக் காரைதீவில் இருந்து ஒரு வாத்தியார் சைக்கிளில் வருவார். ஊரில் எல்லோருக்கும் அவர் காரைதீவு வாத்தியார். ஒரு நாள் அவர் கரும்பலகையில் பெரிதாக 2 எழுதி, அதன் தோளில் சின்னதாக ஒரு 3 வைத்தார். "கீழ இரிக்கிறது அடி. மேல இரிக்கிறது சுட்டி" என்றார். அடி என்ற சொல் காதில் விழுந்ததும் பின்வரிசை வாங்கில் இருந்த நாங்கள் எல்லோரும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டோம். மிச்சப் பாடம் என் காதில் ஏறவில்லை. தோளில் ஏறி நிற்கும் சின்ன எண்களைப் பார்த்தபோது, பாவம், மனுசனுக்கு வயது போய்க் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். அவருடைய பிழையை நான் என் கொப்பியில் திருத்தினேன். மேலே பறந்த எண்களை எல்லாம் கோட்டுக்கு இறக்கி, பக்கத்து எண்ணின் அளவுக்கே வளர்த்து, வரிசையில் நிற்பாட்டினேன்.

ராத்தா கொப்பியைத் திறந்தார். அதில் இப்படி இருந்தது.

23 = 8
52 = 25
32 = 9
24 = 16
102 = 100

"டேய் அலியார், இருவத்திமூண்டு எப்பிடிடா எட்டாகும்?"

"வாத்தியார் எழுதினார். ஆகும்."

"அம்பத்திரண்டு இருவத்தஞ்சா?"

"ஓம். ஏழாம் வகுப்பில எல்லாம் அப்பிடித்தான்."

வேறு ஒருத்தராக இருந்தால் கொப்பியை எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். ராத்தா அதை ராட்டைக்குப் பக்கத்தில் திறந்தபடியே வைத்தார். இரண்டு நாள் அது அப்படியே கிடந்தது. நூல் சுற்றும் கை சுற்றிக்கொண்டே இருக்கும், கண் கொப்பியில் இருக்கும். மூன்றாம் நாள் நான் வாசலுக்கு வரும்போதே கூப்பிட்டார்.

"இஞ்ச வா. இது இருவத்திமூண்டு இல்லடா. ரெண்டு வேற ஆள், மூண்டு வேற ஆள். பின்னுக்கு நிக்கிறவர், முன்னுக்கு நிக்கிறவரை எத்தினை தரம் போட்டுப் பெருக்கணும் எண்டு செல்லுறவர். ரெண்டை மூண்டு தரம் போடு. ரெண்டு ரெண்டு நாலு, நாலு ரெண்டு எட்டு. அஞ்சை ரெண்டு தரம் போடு, இருவத்தஞ்சு. பத்தை ரெண்டு தரம், நூறு. பாரு, ஒண்டும் பிழைக்கல்ல."

"ரெண்டை மூண்டு தரம் போட்டா ஆறுதானே?"

"அது கூட்டுறவன்ட கணக்கு. இவர் கூட்டுறவர் இல்ல, பெருக்குறவர்."

நான் அசந்துபோனேன். அசந்ததைக் காட்டாமல், வாத்தியார் சொன்ன அடி, சுட்டி என்ற பேர்களைச் சொன்னேன். சுட்டி மேலே சின்னதாக இருந்ததையும், அதை நான் கோட்டுக்கு இறக்கியதையும் பெருமையாகவே சொன்னேன். ராத்தா ராட்டையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மணப்பெண்ணின் நெற்றியில் தொங்கும் நகைக்கும் எங்கள் ஊரில் சுட்டி என்றுதான் பேர்.

"சுட்டி நெத்தியில கிடக்கிற சாமான். அதைக் கொண்டுபோய்க் காலில மாட்டியிருக்கிற நீ" என்றார்.

அன்றைக்கு என்னை இருத்தி வைத்து, எல்லாச் சுட்டியையும் அழித்து மேலே ஏற்றவைத்தார்.

சில நாள் கழித்து, 7-இன் தோளில் பூச்சியம் வைத்து, சமன் ஒன்று என்று எழுதிக்கொண்டு வந்தேன். இதையும் நான் பிழையாகத்தான் எழுதியிருப்பேன் என்றார் ராத்தா. ஏழை ஒரு தரமும் போடாவிட்டால் ஒன்றும் இல்லைதானே, பூச்சியம்தானே வர வேண்டும் என்றார். நான் உம்மாவின் மேல் சத்தியம் பண்ணினேன். வகுப்பில் வாத்தியார் அதை அப்படியே பாடமாக்கச் சொல்லியிருந்தார். நாங்கள் பாடமாக்கினோம். ராத்தாவுக்கு அது ஏலாது. ஒரு கிழமை, ஏழு நாளும், அவர் முகத்தில் ஒரு சிடுசிடுப்பு. சோறு கேட்டாலும் கோபம், கேட்காவிட்டாலும் கோபம். பிறகு ஒரு நாள் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தறிக்குப் பின்னால் மண்சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்ததைக் காட்டினார்.

"ஏழுக்குச் சுட்டி மூண்டு எண்டா முந்நூத்தி நாப்பத்திமூண்டு. ஒரு படி இறங்கு, நாப்பத்தொம்பது. இன்னொரு படி இறங்கு, ஏழு. ஒவ்வொரு படிக்கும் என்ன நடக்குது?"

"குறையுது."

"எப்பிடிக் குறையுது, மடையா? ஏழால பிரிபடுது. இப்ப ஏழில நிக்கிறம். மறுகாலும் ஒரு படி இறங்கு. ஏழை ஏழால பிரி."

"ஒண்டு."

"அவ்வளவுதான்!"

பௌசியா கோபிக்கக்கூடாது. அன்றைக்கு உன் உம்மாவின் முகத்தில் பார்த்த சந்தோசத்தை, நீ பிறந்த நாளிலும் நான் பார்க்கவில்லை.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு செய்தி வந்தது. வீட்டில் நின்ற பெண்பிள்ளைகளும் எட்டாம் வகுப்புச் சோதனை எழுதலாம் என்றார்கள். தனி அறை, காவலுக்கு ஒரு பெண் வாத்தியார். பாஸ் பண்ணினால் சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்க எடுப்பார்களாம். ராத்தா தறியடிக்குப் போய் வாப்பாவிடம் கேட்டார். வாப்பா தறியை நிறுத்தவில்லை.

"காரைதீவு வாத்தியார் என்ட ஊட்ட வந்து, உன்ட மகளுக்கு ஏலும் எண்டு செல்லட்டும். மறுகா பாப்பம்."

நடக்காத காரியத்தைச் சொல்லித் தட்டிவிட்டதாக வாப்பா நினைத்தார். ராத்தா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். என் கொப்பியின் நடுத்தாளைக் கழற்றி, பத்துக் கணக்கைத் தானே உண்டாக்கி, தானே செய்தார். பத்தாவது, அந்தப் பூச்சியக் கணக்கு. ஏன் ஒன்று வருகிறது என்று அதன் கீழே நாலு வரியும் எழுதினார்.

"பேர் எழுதல்லையா?" என்று கேட்டேன்.

"குமருப்புள்ளட பேர் தாளில ஊர் சுத்தக்கூடாது எண்டு உம்மா செல்லுறா. நீ வாயால செல்லு. ராத்தா செய்தது, ஒருக்கா ஊட்ட வந்து வாப்பாவோட கதைக்கட்டாம் எண்டு செல்லு."

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாத்தியார் நின்றபடியே வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது நீயா மனே செய்த?"

ஒரு நிமிடப் பகிடி என்றுதான் நினைத்தேன். அவர் முழிப்பதைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லலாம் என்று, "ஓம் சேர்" என்றேன். அவர் முழிக்கவில்லை. என் தலையில் கை வைத்தார். அதுவரைக்கும் என் தலைக்கு வாத்தியார்மாரின் கை வந்தது குட்டுவதற்கு மட்டும்தான். "இனிமேல் முன்வாங்கில இரி. மேல உன்ட பேரை எழுதித் தா" என்றார். எழுதினேன்.

அந்த நிமிடம் மூன்று கிழமையாக நீண்டது. ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா கேட்பார்.

"சேர் என்ன சென்னார்?"

"இன்னும் பாக்கல்ல."

"நீ ஞாபகப்படுத்தினயா?"

"ஓம். வேலை கூடவாம்."

என் பொய்யை முதலில் பிடிக்கிற ஆள் ராத்தாதான். இந்தப் பொய்யை மட்டும் அவர் பிடிக்கவில்லை. பிடிக்க அவருக்கு விருப்பம் இல்லை என்று இப்போது விளங்குகிறது. மூன்றாம் கிழமை அவர் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். நான் வாசலுக்கு வரும்போது நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார், குனிந்துவிடுவார். அந்தக் கிழமைதான் சாய்ந்தமருதில் இருந்து பெண் கேட்டு வந்தார்கள். நல்ல குடும்பம், கரைவலை வைத்திருந்தவர்கள். வாப்பா வாக்குக் கொடுத்தார். அவர்கள் கொண்டுவந்த தொதல் இனிப்பை நானும் இரண்டு கையாலும் தின்றேன்.

அதற்கு மூன்றாம் நாள் வகுப்பில் வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். "நீ எழுதின பத்தாவது கணக்கை இந்தப் பொடியன்களுக்கு விளங்கப்படுத்து மனே." வெண்கட்டியை எடுத்தேன். பாடமாக்கியது உட்படத் தலையில் இருந்த எல்லாம் ஓடிவிட்டது. ஏழுக்குச் சுட்டி பூச்சியம் சமன் பூச்சியம் என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை.

"ஆரு எழுதினது?"

"ராத்தா, சேர்."

"எதுக்கு எனக்கு அனுப்பினவ?"

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன். அவர் பிரம்பைத் தொடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கையை மடக்கு. பின்னேரம் மணியடிச்ச உடனே என்ட சைக்கிளில ஏறு" என்றார்.

வாப்பா வாக்குக் கொடுத்த கதையை வழியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாப்பா தறியை விட்டு இறங்கிவந்து கதிரையைத் தட்டிப் போட்டார்.

"என்ன சேர், இவன் என்ன செய்தான்?"

"நான் உங்கட மகளைப் பற்றிக் கதைக்க வந்த. அவவிட்ட ஒரு கேள்வி கேக்கட்டா?"

வாப்பா தலையாட்டினார். உள்ளறைக் கதவின் திரைக்குப் பின்னால் ராட்டை நின்றது.

"மகள், ஏழுக்குச் சுட்டி பூச்சியம் எண்டா ஏன் ஒண்டு வருது?"

திரைக்குள் இருந்து ராத்தாவின் குரல் வந்தது. "ஒவ்வொரு படி இறங்கவும் ஏழால பிரிபடுது, சேர். சுட்டி ஒண்டில ஏழு நிக்குது. இன்னும் ஒரு படி இறங்கினா ஏழை ஏழால பிரிக்கணும். அப்ப ஒண்டுதானே."

"சரி மகள்."

"சேர், பூச்சியத்துக்குக் கீழயும் இறங்கலாமா? நான் இறங்கிப் பாத்த. ஏழில ஒரு பங்கு வருது. அது சரியா, பிழையா?"

வாத்தியார் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். திரையைப் பார்த்து நின்றுகொண்டே சொன்னார்: "சரி மகள். நூற்றுக்கு நூறு சரி. அதை நான் இன்னும் ஒருத்தருக்கும் படிப்பிக்கல்ல." பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பினார். "உங்கட மகளுக்கு ஏலும். பொடியன்களை விட ஏலும்."

வாப்பா தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மீண்டும் துடைத்தார்.

"மூண்டு நாளைக்கு முன்னம் வந்திருந்தா நான் சென்ன சொல்லு மாற ஏலாம நிண்டிருப்பன், சேர். இப்ப சாய்ந்தமருதாருக்கு வாக்குக் குடுத்திட்டன்."

வாத்தியார் என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே ஒரு தடவை. என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று அவர் வாயையே பார்த்தேன்.

"ஓம். நான் பிந்திட்டன்" என்றார் அவர். தேத்தண்ணி குடிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். திரைக்குப் பின்னால் ராட்டை மறுபடியும் சுற்றத் தொடங்கியது.

கல்யாணத்தன்று பெண்களுக்கு நடுவில் புகுந்து போய் ராத்தாவைப் பார்த்தேன். நெற்றியில் பொன் சுட்டி தொங்கியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? "ராத்தா, சுட்டி இப்ப சரியான இடத்தில கிடக்கு" என்றேன். சுற்றி இருந்தவர்கள், மச்சினன் ஆகப்போகிறவனின் குறும்பு என்று சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை. மெல்ல, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்: "சுட்டி இரிக்கு. அடி எங்கடா?"

அடி இல்லாமல் நிற்கிற சுட்டிக்கு ஒரு பெறுமதியும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கும் தெரிந்தது.

அந்த எட்டாம் வகுப்புச் சோதனையை அடுத்த வருடம் நான் எழுதினேன். ஃபெயில். அத்தோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த தொடர்பு முடிந்தது. கல்முனைச் சந்தையில் இடுப்பில் உடுக்கிற சாரம் விற்கப் போனேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். ராத்தாவை முடித்த மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார், நான் கல்யாணம் முடித்துக் கல்முனைக்குடிக்குப் போனேன். மச்சான் நல்ல மனுசன். அவரைப் பற்றி ராத்தா ஒரு குறையும் சொன்னதில்லை.

கணக்கு அவரை விட்டுப் போகவும் இல்லை. ஒரு முறை, சங்கக் கடைக்குச் சீனி வந்திருக்கிறது என்று சந்தையில் இரண்டு பேரிடம் பகிடிக்குச் சொன்னேன். பகலுக்குள் கடை வாசலில் பாதி ஊர் நின்றது. ராத்தா என்னைக் கூப்பிட்டு ஏசினார். "ஒருத்தன் ரெண்டு பேருக்குச் சென்னா, அந்த ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு பேருக்குச் செல்லுவான். பத்தாம் கைக்கு ஆயிரத்து இருவத்திநாலு பேர். வாயைப் பொத்து." ஊர்க்கதை பேச வந்த எல்லோரிடமும் பிறகு இதைச் சொல்லித்தான் அனுப்புவார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த ஆயிரத்து இருபத்துநாலு எங்கே இருந்து வந்தது என்று உங்களில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் ஹஜ்ஜுக்குப் போக முதல், முறைப்படி வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். ராத்தா வளவில் குந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் தெரியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்க, ராத்தா."

"தெரியாமச் செய்ததை எல்லாம் பொறுத்திட்டன்" என்றார். கத்தி நின்றது. "தெரிஞ்சு செய்ததைப் பேர் செல்லிக் கேள்."

அந்தத் தாளில் யாருடைய பேர் ஏறியது என்று அவருக்கு முழுக்கத் தெரியும் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. எத்தனை வருடமாகத் தெரியும் என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். அவர் வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார், நுழைய வேண்டியது மட்டும்தான் என் வேலை. நான் என்ன செய்தேன்? "உங்கட பங்குத் தொதலையும் சேர்த்துத் திண்ட" என்று பல்லைக் காட்டினேன்.

ராத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதையும் பொறுத்திட்டன். போயிட்டு வா" என்று மீனை எடுத்தார். நான் போய்விட்டு வந்தேன். அதற்குப் பிறகும் பல வருடம் இருவரும் உயிரோடு இருந்தோம். ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

ஜனாஸாவைத் தூக்க முதல் அவருடைய மூத்த மகன் முன்னுக்கு வந்து, "எங்கட உம்மா ஆருக்கும் பிழை செய்திருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்க" என்று கேட்டான். கூடியிருந்தவர்கள் பொறுத்துவிட்டோம் என்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சத்தமாகச் சொன்னேன். அவர் எனக்குச் செய்த பிழை ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியவன் பொறுக்கிறவர்களின் வரிசையில் நின்றான். பொறுக்க வேண்டியவர் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

ஆகவே இப்போது பேர் சொல்லிக் கேட்கிறேன். ராத்தா, பத்துக் கணக்கு எழுதிய தாளில் என் பேரை எழுதியவன் நான். மூன்று கிழமை உங்களிடம் பொய் சொன்னவன் நான். வாத்தியார் பிந்தவில்லை.

பௌசியா, நீயும் உன் தம்பிமாரும் இதை வாசித்துவிட்டு, "மாமா, நாங்க பொறுத்திட்டம்" என்று சொல்ல வருவீர்கள். வர வேண்டாம். அது உங்களால் கொடுக்கக்கூடிய சாமான் இல்லை. ராத்தாவினுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது, அவர் பொறுக்காமல் விட்டுப்போன இந்த ஒரு பிழைதான். இதை மட்டும் நான் பகிடியாக்க மாட்டேன்.